மியோசா ஏரிக்கரைப் பண்ணைகளில் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வே போகிறேன் என்று யாராவது சொன்னால், பயணத்தில் இரண்டு இரவையாவது மியோசா ஏரிக்கரைப் பண்ணை ஒன்றில் கழியுங்கள் என்பேன். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தப் பண்ணையையும் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கவில்லை. எதில் தங்கினாலும் தெரிந்திருக்க வேண்டியவை மட்டும்தான் இவை.

மியோசான்னா ஃபியோர்டா? மேப்புல நீளமா அப்படித்தானே தெரியுது?

ஃபியோர்டு என்றால் மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து கிடக்கும் நீளமான நீர்ப்பரப்பு. இது அது இல்லை. நன்னீர் ஏரி, நார்வேயிலேயே மிகப் பெரியது. ஓஸ்லோவுக்கு வடக்கே 117 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. பரப்பு சுமார் 365 சதுர கிலோமீட்டர், ஆழம் 450 மீட்டர் அளவுக்குப் போகும். ஏரியின் நீர்ப்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 120 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதால், ஏரியின் அடி கடல் மட்டத்துக்கும் 300 மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. பனியாறு தோண்டிய பள்ளம் அது. ஹாமர், யோவிக், 1994-ல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த லில்லெஹாம்மர் ஆகிய மூன்று ஊர்களும் இதன் கரையில்தான் இருக்கின்றன.

மேற்குக் கடற்கரையில் மலை செங்குத்தாகத் தண்ணீரில் இறங்கும். இங்கே வயல்தான் மெதுவாகச் சரிந்து இறங்குகிறது. நார்வேயின் மொத்த நிலத்தில் சாகுபடிக்கு ஆவது ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதில் மிக நல்ல மண்ணில் ஒரு பகுதி இந்த ஏரிக்குக் கிழக்கே ஹெட்மார்க்கனிலும் மேற்கே டோட்டனிலும் இருக்கிறது. பார்லி, கோதுமை, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் விளையும். பெரிய, பழைய பண்ணைகள் இங்கே நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் காட்சி அழகு இல்லை, மண்.

பண்ணைன்னா ரிசார்ட்டுக்கு வச்ச பேரா, இல்ல நிஜமாவே விவசாயம் நடக்குதா?

பெரும்பாலும் நிஜமாகவே நடக்கிறது. விருந்தினர் வருமானம் பக்கத் தொழில். பண்ணைக்காரர் காலையில் உங்களுக்கு ரொட்டி எடுத்து வைத்துவிட்டு டிராக்டரில் ஏறிப் போய்விடுவார். ரிசப்ஷன், லிஃப்ட், இரவு 11 மணிக்குக் காபி கேட்டால் கொண்டுவரும் ஆள் எதுவும் கிடையாது. சாவி பெட்டியில் இருக்கும், குறியீட்டு எண் குறுஞ்செய்தியில் வரும்.

கல்யாணம், மாநாடு என்று நடத்தும் பெரிய பண்ணைகளும் உண்டு. அவை ஏறக்குறைய ஹோட்டல்தான், விலையும் அப்படியே. எது உங்களுக்கு வேண்டும் என்பதைப் பதிவு செய்யும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பணிவிடை எதிர்பார்த்துப் போகிற ஆளுக்குச் சின்னக் குடும்பப் பண்ணை ஏமாற்றமாகத்தான் இருக்கும். கிராமப்புறத் தங்குமிடங்களுக்கும் பண்ணை உணவுக்குமான நார்வே அமைப்பின் பெயர் ஹானன், அதாவது சேவல். அதன் உறுப்பினர் பட்டியலில் தேடத் தொடங்குவது நல்ல வழி.

"பழமையான பண்ணை"ன்னு போட்டிருக்காங்க. எவ்வளவு பழசு? சும்மா விளம்பரமா?

நிலத்தின் வயது வேறு, வீட்டின் வயது வேறு. பண்ணை என்ற அலகு வைகிங் காலத்துக்கும் முந்தியதாக இருக்கலாம். 1349-ல் வந்த கொள்ளைநோயில் நாட்டு மக்களில் பெரும்பகுதி இறந்து, ஏராளமான பண்ணைகள் ஆளில்லாமல் போயின. சில காடாகவே போய்விட்டன. பலவற்றில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில்தான் மறுபடி ஏர் ஓடியது.

வீடுகள் மரத்தால் ஆனவை. தீப்பிடிக்கும், மறுபடி கட்டுவார்கள். இன்று நீங்கள் பார்க்கும் பெரிய வெள்ளை வீடு பெரும்பாலும் 18 அல்லது 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1537-க்கு முந்திய கட்டடம் எதுவானாலும் 1978-ஆம் ஆண்டின் பாரம்பரியச் சின்னங்கள் சட்டப்படி தானாகவே பாதுகாக்கப்பட்டது. பிந்தியவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து அறிவிப்பார்கள். அப்படி அறிவித்த வீட்டில் ஜன்னல் சட்டத்தை மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டும். குளியலறை ஏன் இத்தனை தள்ளி இருக்கிறது என்று சலித்துக்கொள்ளும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

ஒரே குடும்பம் எட்டு, பத்து தலைமுறையா வச்சிருக்காங்களாமே. அண்ணன் தம்பிக்குள்ள பாகம் பிரிக்க மாட்டாங்களா?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பிரிக்க மாட்டார்கள், பிரிக்கவும் எளிதில் முடியாது. விவசாய நிலத்தைத் துண்டு போட அரசு அனுமதி வேண்டும். அதோடு ஊடெல் என்ற பழைய குடும்ப உரிமை ஒன்று இருக்கிறது. 1814-ல் எழுதிய அரசியலமைப்புச் சட்டத்திலேயே அதை ஒழிக்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள், இன்றும் அந்தப் பிரிவு இருக்கிறது. குடும்பம் 20 ஆண்டு ஒரு பண்ணையை வைத்திருந்து, நிலமும் போதிய அளவு இருந்தால் (35 டெக்கார் சாகுபடி நிலம், அதாவது ஒன்பது ஏக்கருக்குச் சற்றுக் குறைவு, அல்லது 500 டெக்கார் காடு) ஊடெல் உருவாகிவிடும்.

அதன் பிறகு பண்ணை முழுதாக ஒரே வாரிசுக்குப் போகும். முதல் உரிமை மூத்த பிள்ளைக்கு. முன்பு அது மூத்த மகன். 1974-ஆம் ஆண்டுச் சட்டம் மகளையும் சமமாக்கியது. கூடப் பிறந்தவர்களுக்கு வாரிசு பணம் கொடுக்க வேண்டும், ஆனால் சந்தை விலைக்கு இல்லை, பண்ணை வருமானத்தில் தாங்கக்கூடிய மதிப்பீட்டுக்கு. வெளியாளுக்கு விற்றால்கூட, ஊடெல் உள்ள பிள்ளை காலக்கெடுவுக்குள் வழக்குப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இளையவர்களுக்கு இது நியாயமா என்று கேட்டால், அங்கேயே அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. பண்ணை துண்டாகாமல் நின்றதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

பெற்றோர் ஓய்வு பெற்றதும் பெரிய வீட்டை வாரிசுக்கு விட்டுவிட்டு, அதே முற்றத்தில் உள்ள கோர்பூலி என்ற சிறு வீட்டுக்கு மாறுவார்கள். அவர்களுக்கு இத்தனை தானியம், பால், விறகு என்று அந்தக் காலத்தில் பத்திரமே எழுதிக்கொண்டார்கள். நீங்கள் வாடகைக்கு எடுக்கும் "விருந்தினர் வீடு" பல பண்ணைகளில் அந்தக் கோர்பூலிதான்.

அப்போ இவங்கெல்லாம் நம்ம ஊர் ஜமீன் மாதிரியா?

சட்டப்படி இல்லை. நார்வே 1821-லேயே பிரபுப் பட்டங்களை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. பண்ணைக்காரர் தன் நிலத்தைத் தானே உழுத விவசாயி என்பதுதான் அந்த நாட்டின் பெருமிதம்.

ஆனால் மியோசா கரையின் பெரிய பண்ணைகளைப் பற்றி அந்தப் பெருமிதம் முழுக்கதையையும் சொல்வதில்லை. அங்கே ஹூஸ்மன் என்ற குடிசைக் கூலிகள் நிறைய இருந்தார்கள். பண்ணை ஓரத்தில் ஒரு குடிசையும் ஒரு துண்டு நிலமும் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பண்ணையில் வேலை வாங்குவார்கள். வேலை போனால் குடிசையும் போகும். 1848-ல் மார்க்கஸ் த்ரானே தொடங்கிய தொழிலாளர் இயக்கத்தில் இவர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள், அரசு அதை நசுக்கியது. பிறகு பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். நார்வேயில் எல்லோருக்கும் தெரிந்த எழுத்தாளரும் பாடகருமான ஆல்ஃப் ப்ரோய்சன் 1914-ல் இதே ஏரிக்கரைப் பகுதியான ரிங்சாக்கரில் அப்படியொரு ஹூஸ்மன் குடும்பத்தில்தான் பிறந்தார். இந்தக் குடிசைகளைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மழுப்புகிறவர்களும் உண்டு, காட்டின் ஓரம் வரை கூட்டிப்போய் அடித்தளக் கற்களைக் காட்டுகிறவர்களும் உண்டு.

வீடு வெள்ளை, பெரிய கொட்டகை சிவப்பு, நடுவுல தூண் மேல ஒரு குட்டி வீடு. எல்லாப் படத்துலயும் இதே செட்டா இருக்கே?

சிவப்பு இரும்பு ஆக்சைடு கலந்த பூச்சு, மலிவு. வெள்ளைப் பூச்சு விலை அதிகம். அதனால் ஊர் பார்க்கும் வீட்டுக்கு வெள்ளை, மாட்டுக்கும் வைக்கோலுக்கும் சிவப்பு. கொட்டகையின் மேல்தளத்துக்கு வண்டியோடு ஏற மண்ணும் கல்லும் போட்டுச் சாய்வுப் பாலம் கட்டியிருப்பார்கள்.

தூண் மேல் நிற்பது ஸ்டாபூர் என்ற களஞ்சியம். மாவு, உப்புக்கண்டம், உலர்ந்த ரொட்டி எல்லாம் அதில்தான். எலி ஏறாமலிருக்கத்தான் தூண். படிக்கட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள், அதுவும் எலிக்காகவே. கூரையில் மணி தொங்கினால், அது வயலில் இருப்பவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட அடித்தது. குழந்தைகளுக்கு அந்தக் கயிற்றை இழுக்கக் கை துறுதுறுக்கும். கேட்டுவிட்டு இழுக்கச் சொல்லுங்கள்.

எங்க படுக்க வைப்பாங்க? பாத்ரூம் அட்டாச்டா?

பெரிய வீட்டில் ஒரு மாடி அறை, மேலே சொன்ன கோர்பூலி, இல்லாவிட்டால் ஸ்டாபூர். ஸ்டாபூரில் படுப்பது கோடையில் அருமை. ஆனால் பலவற்றில் சூடேற்றும் வசதியோ கழிவறையோ இருக்காது, இரவில் முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மா அப்பாவைக் கூட்டிப்போனால் வேண்டாம்.

படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்ந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். தனி வீடு எடுத்தால் பல இடங்களில் அதற்குத் தனிக் காசு, இல்லையென்றால் நாமே கொண்டுபோக வேண்டும். கிளம்பும்போது துடைத்துச் சுத்தம் செய்வதும் அப்படியே: நாம் செய்ய வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். செருப்பு, ஷூ வாசலிலேயே, இதில் நமக்குச் சிரமமில்லை. இரட்டைக் கட்டிலிலும் போர்வை ஆளுக்கொன்றாகத் தனித்தனியாக இருக்கும். அது அங்கே வழக்கம், மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

காலையில் கவலையே இல்லை. ரொட்டி, வெண்ணெய், ஜாம், ஓட்ஸ் கஞ்சி, பலவகைச் சீஸ். அதில் பழுப்புச் சீஸ் கட்டாயம் இருக்கும். குட்பிராண்ட்ஸ்டால் பள்ளத்தாக்கில் ஆனே ஹோவ் என்ற பண்ணைப் பெண் 1863-ல், சீஸ் எடுத்து மிஞ்சிய பால்நீரைக் காய்ச்சும்போது க்ரீமையும் சேர்த்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். உப்புப் போட்ட பால்கோவாவை மெல்லிய வில்லையாகச் சீவினால் எப்படியோ அப்படி இருக்கும். முதல் வாயில் பிடிக்காதவர்களுக்கு மூன்றாம் நாள் பிடித்துவிடுகிறது.

இரவுச் சாப்பாடுதான் சிக்கல். ஆட்டிறைச்சி, காட்டு மான், ஏரி டிரவுட் மீன் என்றுதான் போகும். "சைவம்" என்று மட்டும் எழுதாதீர்கள். இறைச்சி, மீன் இரண்டும் வேண்டாம், சூப்பில் எலும்புச் சாறும் கூடாது, முட்டை ஆகுமா ஆகாதா என்று விவரமாக ஒரு வாரம் முன்பே எழுதுங்கள். சமையலறை உள்ள வீடாக எடுப்பது எல்லோருக்கும் நிம்மதி. அரிசி, பருப்பு, பொடி கொண்டுபோகலாம். நெய், பால் இனிப்பு, இறைச்சி கூடாது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவர நார்வே அனுமதிப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: காய்ந்த மிளகாயைத் தாளிக்கும் முன் புகைபோக்கி விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மர வீடு, புகை எச்சரிக்கைக் கருவி மிக உஷாராக இருக்கும்.

சரக்கு கிடைக்குமா? (அப்பா கேக்கச் சொன்னார்.)

அப்பாவிடம் சொல்லுங்கள்: 4.7 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதைச் சில்லறையாக விற்பது பெரும்பாலும் வீன்மொனொபோலெ என்ற அரசுக் கடைதான். ஞாயிறு மூடியிருக்கும். ஸ்டாங்கேயில் ஏரிக்கரையிலேயே அட்லுங்ஸ்டா என்ற உருளைக்கிழங்குச் சாராய ஆலை இருக்கிறது, 1855-ல் தொடங்கியது. குடிக்காதவர்களுக்கும் பார்க்கத் தகுந்த இடம்.

எந்த மாசம் போனா நல்லது? நள்ளிரவுச் சூரியன் தெரியுமா?

தெரியாது. அது ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே. ஹாமர் பக்கம் ஜூன் கடைசியில் ஏறக்குறைய 19 மணி நேரம் பகல், மீதி நேரமும் முழு இருட்டு வராது. ஜூன் 23 இரவு ஏரிக்கரையில் நெருப்பு மூட்டிக் கொண்டாடுவார்கள். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை போவது நல்லது. செப்டம்பர் எனக்குப் பிடிக்கும், கூட்டம் குறைவு, அறுவடை, காட்டில் லிங்கன்பெர்ரி. டிசம்பரில் பகல் 6 மணி நேரத்துக்கும் குறைவு. பனி வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச். ஏரி முழுவதும் உறையும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரு காலத்தில் குதிரைச் சறுக்குவண்டிகள் குறுக்கே போயின, இப்போது பல ஆண்டுகள் நடு ஏரி உறைவதே இல்லை.

கார் ஓட்டத் தெரியாது. போக முடியுமா?

ஹாமர் வரை மிகச் சுலபம். ஓஸ்லோவிலிருந்து வரும் ரயில் கார்டர்மூன் விமான நிலையத்தின் வழியாகவே வருகிறது, விமானம் இறங்கியதும் ஏறிக்கொள்ளலாம். ஹாமரிலிருந்து பண்ணை வரைதான் தலைவலி. கிராமப் பேருந்து குறைவு, ஞாயிறு இன்னும் குறைவு. ஸ்டேஷனிலிருந்து கூட்டிப்போக முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பலர் வருவார்கள். கோடையில் ஷிப்லாட்னர் என்ற துடுப்புச்சக்கரக் கப்பல் ஏரியில் ஓடுகிறது. 1856-ல் கட்டியது, அட்டவணைப்படி ஓடும் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல்களில் உலகிலேயே மூத்தது. அவசரத்துக்கு உதவாது, ஆனால் ஒரு தடவை ஏறாமல் வராதீர்கள்.

ஏரியில குளிக்கலாமா? சுத்தமா?

இன்று சுத்தம். ஹாமரும் யோவிக்கும் குடிநீரே இதிலிருந்துதான் எடுக்கின்றன. ஆனால் 1976-ல் இந்த ஏரி சாகும் நிலைக்கு வந்தது. கழிவுநீர், சலவைத்தூள் பாஸ்பேட், பண்ணைகளின் சாண உரமும் தீவனக்குழிச் சாறும் சேர்ந்து, பாசி மண்டிக் குழாய்த் தண்ணீரே நாறியது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர் க்ரோ ஹார்லெம் ப்ருன்ட்லான்ட், பின்னாளில் பிரதமரானவர். மியோசாவைக் காக்கும் இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஊர்களுக்குச் சுத்திகரிப்பு நிலையம், வீடுகளுக்குப் பாஸ்பேட் இல்லாத சோப்பு, பண்ணைகளுக்குக் கசியாத சாணத் தொட்டி. 1980-களின் தொடக்கத்துக்குள் ஏரி தேறிவிட்டது. வீட்டுக்காரர் வயதானவரென்றால் அந்தச் சாணத் தொட்டிச் செலவைப் பற்றி அவரிடமே கேட்டுப் பாருங்கள், பேச்சு நீளும்.

தண்ணீர் சூடாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஜூலை கடைசியில் ஓரத்தில் நீந்தும் அளவுக்கு வரும், காற்று திரும்பினால் ஒரே நாளில் குளிர்ந்துவிடும். கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே ஆழம், குழந்தைகளைக் கண்ணிலிருந்து விடாதீர்கள். அணைகளால் நீர்மட்டம் மாறும் ஏரி இது. மே மாதம் போனால் தண்ணீர் தாழ்ந்து, படத்தில் பார்த்த கரைக்குப் பதில் கல்லும் சேறுமாகத் தெரியும்.

படகு, தூண்டில் கொடுப்பாங்களா?

துடுப்புப் படகு பல பண்ணைகளில் உண்டு. 8 மீட்டருக்குக் குறைவான படகில் உயிர்காப்புச் சட்டை அணிவது 2015 முதல் சட்டப்படி கட்டாயம். நன்னீர் மீன்பிடி நார்வேயில் பொதுவாக நில உரிமையாளரின் உரிமை, மீன்பிடி அட்டை வாங்க வேண்டி வரும். உங்கள் கரையில் விதி என்ன என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் தூண்டிலை எடுங்கள்.

பசங்க மாடு பார்க்கணும், பால் கறக்கணும்கிறாங்க. சாணி நாத்தம் அடிக்குமா?

மாடே இல்லாத பண்ணைகள் இங்கே ஏராளம், தானியமும் கிழங்கும் மட்டும்தான். முதலில் அதைக் கேளுங்கள். மாடு இருந்தாலும் கறப்பது இயந்திரம். தொழுவத்துக்குள் கேட்காமல் நுழையக் கூடாது, நோய்த்தொற்று பயம் அவர்களுக்கு மிக அதிகம், வேறு நாட்டுப் பண்ணைக்குப் போய்விட்டு வந்த செருப்போடு விடவே மாட்டார்கள். ஆட்டுக்குட்டி, கோழி என்றால் சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

நாற்றம்? வசந்தத்தில் வயலுக்குச் சாண உரம் அடிக்கும் சில நாள் நிச்சயம் அடிக்கும். அதற்காகப் பணம் திருப்பிக் கேட்டவர்களும் உண்டாம். வயலில் கிடக்கும் பெரிய வெள்ளை உருண்டைகள் பிளாஸ்டிக்கில் சுற்றிய புல் தீவனம். அங்கே விளையாட்டாக டிராக்டர் முட்டை என்பார்கள். மேலே ஏறிக் குதித்தால் உறை கிழிந்து தீவனம் கெட்டுவிடும்.

நார்வேயில யாரும் எங்கயும் டென்ட் போடலாம்னு சட்டமே இருக்காமே? அப்போ பண்ணையிலயே ஓசியில தங்கலாமே?

பாதிதான் சரி. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் காடு, மலை, மேய்ச்சல் வெளியில் யாரும் நடக்க உரிமை தருகிறது. குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி, இரண்டு இரவு வரை கூடாரம் போடலாம். ஆனால் இது வயலுக்கும் தோட்டத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் பொருந்தாது. விளைநிலத்தில் கால் வைக்கவே மண் உறைந்திருக்கும் அல்லது பனி மூடிய குளிர்காலத்தில்தான் உரிமை. முதல் பதிலில் சொன்னபடி மியோசா கரையில் வயல் தண்ணீர் வரை இறங்குகிறது. அதனால் மலைப்பகுதியில் கிடைக்கும் சுதந்திரம் இங்கே கிடைப்பது அரிது. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் நெருப்பு மூட்டத் தடை வேறு.

ஏரி ஓரம்னா வெள்ளம் வராதா?

வந்திருக்கிறது. 1789 ஜூலையில் வந்தது கிழக்கு நார்வேயின் வரலாற்றிலேயே பெரியது. 1995-லும், 2023 ஆகஸ்டில் ஹான்ஸ் புயலிலும் கரையோரச் சாலைகளும் கட்டடங்களும் மூழ்கின. பழைய பண்ணை வீடுகளுக்கு ஆபத்து குறைவு. கட்டியவர்கள் தாத்தா சொன்ன கதையைக் கேட்டு மேட்டில் கட்டியிருக்கிறார்கள். தண்ணீரை ஒட்டி நிற்கும் புதிய குடில்கள்தான் நனையும்.

வீட்டுக்காரங்க சரியாவே பேசலை. கலர் பார்த்து ஒதுக்குறாங்களோ?

அப்படியும் நடக்காது என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை, அவர்கள் ஒதுங்குவது விருந்தினருக்கு இடம் கொடுப்பதாக நினைத்துத்தான். தாமாக வந்து உட்கார்ந்து கதை பேச மாட்டார்கள். நீங்கள் தொடங்க வேண்டும், அதுவும் குடும்பம், சம்பளம் பற்றி இல்லை. இந்த ஆண்டு புல் எப்படி, மழை போதுமா என்று கேளுங்கள். ஊடெல் பற்றிய கேள்வியைக் கேட்டால் காபி வந்துவிடும். முதல் நாள் இரண்டு வார்த்தை, இரண்டாம் நாள் மாலை ஒரு மணி நேரம் என்பதுதான் பெரும்பாலும் நடக்கும் கணக்கு. இரண்டு இரவு தங்குங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இங்கயே ஒரு பண்ணை வாங்கி ஹோம்ஸ்டே நடத்தினா என்ன?

விருந்தினராகப் போய்வந்த இரண்டு பேரில் ஒருவர் இதைக் கேட்கிறார். வெளிநாட்டவர் வாங்கக் கூடாது என்று இல்லை. ஆனால் ஊடெல் அளவுள்ள பண்ணையை வாங்கினால் 5 ஆண்டு நீங்களே அங்கே குடியிருக்க வேண்டும், நிலத்தைத் தரிசு போடக் கூடாது. சென்னையிலிருந்தபடி ஆள் வைத்து நடத்த முடியாது. விற்றவரின் பிள்ளை ஊடெல் கோரி மீட்டுக்கொள்ளும் வாய்ப்பையும் கணக்கில் வையுங்கள், மேலே சொன்னதுதான். நிலம் குறைவாக உள்ள சிறு வீடுகளுக்கு இந்த நிபந்தனைகள் பெரும்பாலும் வராது. ஆனால் வீடு வாங்கியதற்காக நார்வே குடியிருப்பு அனுமதி தருவதில்லை. அதற்கு வேலை, படிப்பு, குடும்பம் என்று வேறு வழிதான் தேட வேண்டும்.